ஆந்த்ரோபோசீன்: காற்றை அளந்தவர் வைத்த பெயர், பாறையைப் படிப்பவர்கள் போட்ட வாக்கு

2024 மார்ச் முதல் வாரத்தில் ஒரு வாக்கெடுப்பின் முடிவு வெளியே வந்தது. வாக்களித்தவர்கள் 18 பேர்தான். பூமியின் கடைசி 26 லட்சம் ஆண்டுகளுக்குக் கணக்கு வைத்திருக்கும் பன்னாட்டுத் துணை ஆணையம் ஒன்றின் உறுப்பினர்கள் அவர்கள். அவர்கள் முன் இருந்த கேள்வி இது: நாம் வாழும் காலத்தை, இப்போது நடக்கும் புவிக்காலமான ஹோலோசீனிலிருந்து பிரித்து, மனிதனின் பெயரால் ஆந்த்ரோபோசீன் என்ற தனிக் காலமாக அறிவிக்கலாமா? 12 பேர் வேண்டாம் என்றார்கள். 4 பேர் வேண்டும் என்றார்கள். 2 பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை. தீர்மானம் நிறைவேற 60 விழுக்காடு ஆதரவு வேண்டும் என்பதால் அது தோற்றது. அதே மாதத்தில் பன்னாட்டுப் புவி அறிவியல் ஒன்றியமும் அந்த முடிவை உறுதி செய்தது.

மனிதன் பூமியை மாற்றிவிட்டான் என்பதையே விஞ்ஞானிகள் மறுத்துவிட்டார்கள் என்று பலர் இதைப் புரிந்துகொண்டார்கள். அப்படி அந்த 18 பேரில் யாரும் சொல்லவில்லை. என்னதான் நடந்தது என்று பார்க்க வேண்டுமென்றால், வாக்குச்சீட்டிலிருந்து பின்னோக்கிப் போய், பாறையோடு சம்பந்தமே இல்லாத ஒரு மனிதரிடமிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பெயரைப் பரப்பியவர் ஒரு வளிமண்டல வேதியியலாளர். அவர் பார்த்தது காற்றில். அதை நிரூபிக்கச் சொன்னது சேற்றிலும் பாறையிலும். இந்த வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

குயெர்நவாகா, 2000

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மெக்சிகோவின் குயெர்நவாகா நகரில் பன்னாட்டு புவிக்கோள–உயிர்க்கோளத் திட்டத்தின் அறிவியல் குழு கூடியிருந்தது. கடந்த காலத் தட்பவெப்பத்தை ஆராய்பவர்கள் தங்கள் முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேச்சில் ஹோலோசீன், ஹோலோசீன் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. கடைசிப் பனியுகம் முடிந்து சுமார் 11,700 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் இதமான காலத்துக்கு அதுதான் பெயர். கேட்டுக்கொண்டிருந்த வளிமண்டல வேதியியலாளர் பால் க்ருட்சனுக்குப் பொறுமை போனது. ‘நாம் ஹோலோசீனில் இல்லை’ என்று குறுக்கிட்டார். பிறகு சரியான சொல்லுக்காகத் தடுமாறி, ‘நாம் ஆந்த்ரோபோசீனில் இருக்கிறோம்’ என்று முடித்தார். அந்தத் திட்டத்தின் செயல் இயக்குநராக இருந்த வில் ஸ்டெஃபன் இந்தக் காட்சியைப் பிற்பாடு பலமுறை விவரித்திருக்கிறார். கூட்டம் சற்று நேரம் அமைதியானது, இடைவேளையில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள்.

க்ருட்சன் அந்தச் சொல்லை அந்த நொடியில் தானே உண்டாக்கியதாகத்தான் நினைத்தார். தேடிப் பார்த்தபோது, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஏரிகளின் டயாட்டம் பாசிகளை ஆராய்ந்த யூஜின் ஸ்டோர்மர் 1980-களிலிருந்தே அதைப் பேச்சுவழக்கில் பயன்படுத்தி வந்தது தெரிந்தது. அவரையும் சேர்த்துக்கொண்டு, அதே ஆண்டு மே மாதம் அந்தத் திட்டத்தின் செய்தி மடலில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். 2002 ஜனவரியில் க்ருட்சன் மட்டும் ‘நேச்சர்’ இதழில் ஒரே பக்கத்தில் அந்த வாதத்தை மறுபடி வைத்தார். சொல் பரவியது அதன் பிறகுதான்.

கருத்து அதற்கு முன்பும் இருந்திருக்கிறது. இத்தாலியப் பாதிரியாரும் புவியியலாளருமான அன்டோனியோ ஸ்டோப்பானி 1873-இலேயே மனிதனின் பெயரால் ஒரு காலத்தைக் குறித்தார். ரஷ்யாவில் வெர்னாட்ஸ்கி மனித அறிவையே ஒரு புவியியல் விசையாகப் பார்த்தார். ஆனால் அவர்கள் யாரிடமும் அளவீடு இல்லை. க்ருட்சனிடம் இருந்தது. இந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தபோது மட்டும் ஏன் பற்றிக்கொண்டது என்பதற்கு அவருடைய முப்பது ஆண்டு வேலையைத்தான் பார்க்க வேண்டும்.

பாலம் கட்டியவர்

க்ருட்சன் 1933-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். அப்பா உணவகத்தில் பரிமாறுபவர், அம்மா மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்தவர். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. அவருடைய பள்ளித் தோழர்கள் சிலர் பசியிலும் நோயிலும் இறந்துபோனார்கள். பள்ளி இறுதித் தேர்வு சமயத்தில் கடும் காய்ச்சல். மதிப்பெண் குறைந்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை, பல்கலைக்கழகக் கதவு மூடிக்கொண்டது. தொழில்நுட்பப் பள்ளியில் கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு, நகரசபையின் பாலம் கட்டும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஃபின்லாந்துப் பெண் டெர்ட்டுவைத் திருமணம் செய்துகொண்டு சுவீடனுக்குப் போனார். அங்கே ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக வானிலைத் துறை ஒரு கணினி நிரலாளர் வேண்டும் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்திருந்தது. நிரல் எழுதி ஒரு நாள் பழக்கம்கூட இல்லாமல் விண்ணப்பித்தார். வேலை கிடைத்தது. 1959-இல் சேர்ந்து, வேலை நேரத்துக்கு நடுவே வகுப்புகளில் உட்கார்ந்து, 1968-இல் முனைவர் பட்டம் வாங்கினார். பிற்காலத்தில் வேதியியலுக்கு நோபல் பெற்றவர் ஆய்வகத்தில் சோதனைக் குழாயோடு வளரவில்லை, கணினியில் எண்களோடு வளர்ந்தார் என்பதை இந்த வழக்கில் முக்கியமான விவரமாகப் பார்க்கிறேன். பூமி முழுவதையும் ஒரே கணக்காகப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கே வந்தது.

1970-இல் வந்த அவருடைய கட்டுரை ஓசோனைப் பற்றியது. தரையிலிருந்து சுமார் 15 முதல் 50 கிலோமீட்டர் உயரத்தில், ஸ்ட்ராட்டோஸ்பியரில் ஓசோன் உருவாகிறது, அழிகிறது. 1930-இல் சிட்னி சாப்மன் போட்ட கணக்கின்படி அங்கே இருக்க வேண்டிய ஓசோன், உண்மையில் அளந்ததைவிட அதிகம். மிச்சம் எங்கே போகிறது? க்ருட்சன் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் காட்டினார். ஒரு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறு ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்துக்கொள்கிறது. அடுத்து அந்த அணுவை இன்னொரு தனி ஆக்சிஜன் அணுவிடம் கொடுத்துவிட்டு, பழையபடி நைட்ரிக் ஆக்சைடாகிறது. தான் தீர்ந்துபோகாமல் அடுத்த ஓசோனைத் தேடிப் போகிறது. வினையூக்கி என்றால் அதுதான்.

சரி, அந்த நைட்ரஜன் ஆக்சைடு அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போனது? மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. கீழ்க்காற்றில் அது எதனோடும் வினைபுரியாது, மழையிலும் கரைந்து விழாது. நூறு ஆண்டுக்கும் மேல் தாங்கி, மெல்ல மேலே ஏறி, அங்கே உடைகிறது. வயலின் சேற்றில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்தான் தலைக்கு மேல் முப்பது கிலோமீட்டரில் உள்ள ஓசோனின் அளவைத் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரையைப் பற்றி முதன்முதலில் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மண்ணும் உயிரும் வானமும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வந்தது அப்போதுதான்.

1971-இல் கலிஃபோர்னியாவின் ஹரால்ட் ஜான்ஸ்டன், ஒலியை விஞ்சும் விமானங்கள் கக்கும் புகையும் இதே வேலையைச் செய்யக்கூடும் என்றார். 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும், குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த குளோரோ ஃபுளோரோ கார்பன்கள் மேலே போய்க் குளோரினை அவிழ்த்துவிடும் என்று எழுதினார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்து அளவீடுகளை ஜோசப் ஃபார்மனும் அவருடைய இரு சகாக்களும் வெளியிட்டபோது, அங்கே வசந்த காலத்து ஓசோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. 1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம். 1995-இல் க்ருட்சன், மொலினா, ரோலண்ட் மூவருக்கும் நோபல்.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். மதுரையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். 1975-இல் அவர் காட்டியது: அதே குளோரோ ஃபுளோரோ கார்பனின் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடின் ஒரு மூலக்கூறைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதுவரை வெப்பமயமாதல் என்றால் கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான் என்றிருந்தது. 1999-இல் ராமநாதனும் க்ருட்சனும் சேர்ந்து, மாலத்தீவைத் தளமாகக் கொண்டு, இந்தியப் பெருங்கடல் ஆய்வை நடத்தினார்கள். கப்பல், விமானம், பலூன், செயற்கைக்கோள் என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்ததில், குளிர்கால மாதங்களில் வட இந்தியப் பெருங்கடலின் மேல் சுமார் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை புகைமூட்டம் படர்ந்திருந்தது. அடுப்புப் புகை, வண்டிப் புகை, தொழிற்சாலைப் புகை, எரித்த வைக்கோலின் புகை. கரையே கண்ணில் படாத நடுக்கடலில் தெற்காசியாவின் அன்றாட வாழ்க்கை மிதந்துகொண்டிருந்தது. குயெர்நவாகா கூட்டத்துக்கு ஓராண்டு முன்னால் க்ருட்சன் பார்த்துவிட்டு வந்தது இதைத்தான். அவருடைய பொறுமை போனதை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தன் நோபல் உரையில் அவர் ஒரு பயங்கரமான சாத்தியத்தை முன்வைத்தார். தொழில்துறை குளோரினுக்குப் பதிலாகப் புரோமினை வைத்து அந்தப் பொருள்களைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓசோனை அழிப்பதில் ஓர் அணுவுக்கு ஓர் அணு என்று பார்த்தால் புரோமின் குளோரினைவிடச் சுமார் நூறு மடங்கு வலியது. அப்படி நடந்திருந்தால் 1970-களிலேயே எல்லா இடத்திலும் எல்லாப் பருவத்திலும் ஓசோன் ஓட்டை இருந்திருக்கும். 1974-க்கு முன் இதைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. நாம் தப்பித்தது அதிர்ஷ்டத்தால் என்றார் அவர். நூறு கோடியில் மூன்று நான்கு பங்கு மட்டுமே இருந்த குளோரின், கண்டம் அளவுக்கு ஓட்டை போட்டதைக் கண்ணால் கண்டவர் அவர். மனிதன் ஒரு புவியியல் விசை என்று அவர் சொன்னது உவமைக்காகச் சொன்னது இல்லை.

1784 என்ற தேதி

2002 கட்டுரையில் அவர் இந்தக் காலம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியதாகக் கொள்ளலாம் என்றார். துருவப் பனியில் அடைபட்ட காற்றுக் குமிழிகளில் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் ஏறத் தொடங்குவது அந்தச் சமயத்தில்தான். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திர வடிவமைப்பு வந்த 1784-உம் அதோடு ஒத்துப்போகிறது என்று குறிப்பிட்டார்.

பனிக்கட்டி எப்படிக் காற்றைச் சேமிக்கிறது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். விழுந்த பனி மேலும் மேலும் அமுங்கி இறுகும்போது, இடையிலிருந்த காற்று சிறு குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது. துளையிட்டு எடுத்து உடைத்தால், அந்தக் காலத்துக் காற்றே கையில் வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, க்ருட்சன் எழுந்து பேசிய ஆண்டில் சுமார் 370. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

அதே கட்டுரையில் இன்னொரு வரி இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த விளைவுகளுக்குப் பெரும்பாலும் காரணம் உலக மக்களில் 25 விழுக்காட்டினர் மட்டுமே என்று அவர் எழுதியிருந்தார். ‘மனிதன்’ என்று பொதுவாகச் சொன்னால், நிலக்கரியை எரித்தவனும் அதில் வெந்தவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்று சமூக அறிவியலாளர்கள் பின்னால் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் க்ருட்சனுக்கு அது தெரியாமல் இல்லை.

பாறைக்காரர்களின் விதிகள்

இங்கே வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போகிறது. 2008-இல் லண்டன் புவியியல் கழகத்தின் பாறை அடுக்கியல் குழு இந்தச் சொல்லைக் கவனித்து, இதற்கு ஆதாரம் இருக்கிறது என்றது. 2009-இல் யான் சலசீவிச் தலைமையில் ஆந்த்ரோபோசீன் பணிக்குழு அமைந்தது. க்ருட்சனும் அதில் உறுப்பினர். புவியியலாளர்களோடு வரலாற்றாசிரியர்களும் இருந்தார்கள்.

பாறை அடுக்கியலில் ஒரு காலப்பிரிவைச் சேர்ப்பதற்குக் கறாரான விதி உண்டு. உலகில் எங்காவது ஓர் இடத்தில், ஓர் அடுக்கில், ‘இதற்கு மேலே புதிய காலம்’ என்று கைவைத்துக் காட்ட வேண்டும். அந்தப் புள்ளியைத் தங்க ஆணி என்று அழைப்பார்கள். அதே அடையாளம் உலகின் மற்ற இடங்களிலும் ஒரே சமயத்தில் தெரிய வேண்டும். ஹோலோசீனின் ஆணி கிரீன்லாந்துப் பனியில் இருக்கிறது. 2018-இல் ஹோலோசீனை மூன்றாகப் பிரித்தபோது, கடைசி 4,200 ஆண்டுகளுக்கு மேகாலயன் என்று பெயர் வந்தது. மேகாலயாவின் மாவ்ம்லூ குகையில் கிடைத்த சுண்ணாம்புப் படிவு ஒன்றுதான் அதற்கு ஆணி. ஆக, முறைப்படி நாம் இன்று மேகாலயன் காலத்தில் இருக்கிறோம்.

தமிழில் இதையெல்லாம் எழுதும்போது ஒரு சங்கடம் வருகிறது. புவியியலாளர்களின் காலக் கணக்கு ஐந்து படிகளாக இறங்குவது. ஆந்த்ரோபோசீனுக்குக் கேட்டது மேலிருந்து நான்காவது படி. நாம் எல்லாப் படிக்கும் யுகம் என்றே சொல்லிவிடுகிறோம். ‘மனித யுகம்’ என்றதும் டைனோசர் காலம் முழுவதற்கும் நிகரான ஒன்று போலத் தோன்றுகிறது. ஊழி என்ற நம் பழைய சொல்லோ நெடுங்காலத்தையும் குறிக்கும், அதன் முடிவையும் குறிக்கும். அழகான சொல்தான், ஆனால் இந்த வழக்கில் அதைப் போட்டால் தீர்ப்பையும் சேர்த்து எழுதியதாகிவிடும். அதனால் ஆந்த்ரோபோசீன் என்றே விட்டுவிட்டேன்.

பணிக்குழு 2019-இல் வாக்கெடுத்தது. 33 பேரில் 29 பேர் இரண்டு விஷயங்களை ஒப்புக்கொண்டார்கள்: இதை முறையான காலப்பிரிவாக்க வேண்டும், தொடக்கம் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இருக்க வேண்டும். க்ருட்சனின் 1784 கைவிடப்பட்டது. நீராவி எந்திரத்தின் சுவடு இங்கிலாந்துச் சேற்றில் ஒரு நூற்றாண்டிலும் சீனச் சேற்றில் வேறு நூற்றாண்டிலும் வருகிறது. பனிக்குமிழிக் கோடும் மெல்லச் சாய்ந்து ஏறுகிறதே தவிர, சட்டென்று படியாக ஏறவில்லை. 1950-களில் அப்படி ஒரு படி இருக்கிறது. ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகள். 1952 நவம்பர் 1-இல் பசிபிக்கின் எனிவெடாக் பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த முதல் குண்டிலிருந்து புளூட்டோனியம் உலகெங்கும் பொழிந்தது. அதே பத்தாண்டுகளில் உரம், பிளாஸ்டிக், சிமென்ட், மக்கள்தொகை, எரிபொருள் எல்லாம் ஒன்றாக ஏறின. ‘பெரு முடுக்கம்’ என்று ஸ்டெஃபனும் மற்றவர்களும் அழைத்தது இதைத்தான்.

கிராஃபோர்ட் ஏரி

ஆணி அடிக்க 12 இடங்களை ஆராய்ந்தார்கள். ஜப்பானின் பெப்பு விரிகுடா, ஆஸ்திரேலியப் பக்கத்துப் பவளப்பாறை, போலந்தின் கரிச்சதுப்பு, அண்டார்டிகப் பனி, வியன்னா நகரின் நடுவே தோண்டிய மண் என்று பலவகை. 2023 ஜூலை 11-இல் தேர்வானது கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், மில்டன் ஊருக்கு அருகே உள்ள கிராஃபோர்ட் ஏரி.

சின்ன ஏரிதான், சுமார் 2.4 ஹெக்டேர். நம் ஊர்க் கண்மாய்கள் பலவற்றைவிடச் சிறியது. ஆனால் ஆழம் இருபது மீட்டருக்கு மேல். சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உண்டான குழி அது. பரப்பு சிறிதாகவும் ஆழம் அதிகமாகவும் இருப்பதால் மேல்நீரும் அடிநீரும் கலப்பதே இல்லை. அடியில் புழுக்களோ மீன்களோ சேற்றைக் கிளறுவதும் இல்லை. கோடையில் நீர் சூடாகி, பாசி பெருகி, நீரின் காரத்தன்மை ஏறும்போது சுண்ணாம்புப் படிகங்கள் வெள்ளையாக இறங்குகின்றன. இலையுதிர்காலத்தில் செத்த பாசியும் இலையும் கருப்பாக இறங்குகின்றன. ஒரு வெள்ளை, ஒரு கருப்பு, ஓராண்டு. மரத்தின் வளையத்தை எண்ணுவது போல எண்ணிவிடலாம்.

அந்தச் சேற்றை எடுத்த விதமும் அருமையானது. சாதாரணக் குழாயை இறக்கினால் மேலடுக்குகள் கலங்கிவிடும். அதனால் உள்ளே உலர்பனியும் ஆல்கஹாலும் நிரப்பிய உலோகப் பெட்டியைச் சேற்றில் இறக்கினார்கள். அதன் பக்கங்களில் சேறு அப்படியே உறைந்து ஒட்டிக்கொண்டது. தூக்கியதும் வரிவரியாகக் காலம் கையில் வந்தது. கனடாவின் ப்ராக் (Brock) பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சின் மெக்கார்த்தி தலைமையிலான குழு அதில் கண்டவை: புளூட்டோனியம், பக்கத்து ஹாமில்டன் நகர எஃகு ஆலைகள் உயர் வெப்பத்தில் நிலக்கரியை எரித்தபோது பறந்து வந்த உருண்டையான கரித்துகள்கள், அமில மழைக் காலத்தின் சுவடுகள், டயாட்டம் இனங்களின் மாற்றம். ஸ்டோர்மர் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கடைசி விஷயத்தைப் பார்த்து மகிழ்ந்திருப்பார். அவர் 2012-இல் இறந்துவிட்டார். க்ருட்சன் 2021 ஜனவரியில்.

ஆனால் அதே சேற்றில் கீழே இன்னொன்றும் இருந்தது. மக்காச்சோள மகரந்தம். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அந்தக் கரையில் இரோக்குவா மக்கள் நீண்ட வீடுகள் கட்டி வாழ்ந்து பயிர் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய ஊர் அங்கே இருந்ததை 1970-களில் கண்டுபிடிக்கக் காரணமே அந்த மகரந்தம்தான். மனிதன் அந்த ஏரியை மாற்றியதற்கான முதல் சாட்சி புளூட்டோனியம் கிடையாது. எதிர்த்து வாக்களித்தவர்களின் வாதம் இந்த ஏரியின் அடியிலேயே கிடந்தது.

ஏன் தோற்றது

எதிர்ப்பாளர்களின் முதல் கேள்வி: 1952-க்கு முன் மனிதன் சும்மாவா இருந்தான்? 2003-இல் வில்லியம் ருடிமன் ஒரு கருத்தை வைத்தார். 8,000 ஆண்டுகளுக்கு முன்பே காடழிப்பு கார்பன் டை ஆக்சைடை ஏற்றியது, 5,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆசியாவின் நீர் தேங்கிய நெல்வயல்கள் மீத்தேனை ஏற்றின என்றார். அதில் சர்ச்சை உண்டு, என்றாலும் நெல் விளைவிக்கும் நாட்டில் இருந்துகொண்டு அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2015-இல் சைமன் லூயிஸும் மார்க் மாஸ்லினும் 1610-ஐச் சொன்னார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த நோயாலும் போராலும் அமெரிக்கக் கண்டங்களில் சுமார் 5 கோடி பேர் மாண்டார்கள். கைவிடப்பட்ட வயல்களில் காடு வளர்ந்து கார்பனை இழுத்ததால், பனிக்குமிழியில் அந்த ஆண்டுவாக்கில் ஒரு பள்ளம் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். காற்றின் கணக்கில் ஓர் இன அழிவு பள்ளமாகப் பதிந்திருக்கக்கூடும் என்ற எண்ணத்தை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு, ஃபிலிப் கிப்பார்டும் எர்ல் எல்லிஸும் சிலரும் வைத்தது. இதைக் காலமாக்க வேண்டாம், நிகழ்வு என்று சொல்வோம் என்றார்கள். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பசும் பாக்டீரியாக்கள் காற்றை ஆக்சிஜனால் நிரப்பத் தொடங்கின. பூமியின் காற்றையே மாற்றிய அந்தப் பெரும் வேதி மாற்றத்தை நிகழ்வு என்றே அழைக்கிறார்கள். நிகழ்வுக்குக் கூர்மையான தொடக்கக் கோடு வேண்டாம். ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால் தொடங்கலாம். எல்லிஸ் 2023-இல் பணிக்குழுவிலிருந்தே விலகினார்.

மூன்றாவது, 70 ஆண்டு என்பது மிகச் சிறியது. லட்சக்கணக்கில் எண்ணுபவர்களுக்கு அது ஒரு மனித ஆயுள். படிவு சில சென்டிமீட்டர்தான். 

வாக்கெடுப்பு நடந்த முறை பற்றியும் தகராறு வந்தது. அப்போது துணை ஆணையத்தின் தலைவரே சலசீவிச்தான். விதிமுறை மீறப்பட்டது என்று அவரும் துணைத் தலைவர்களில் ஒருவரும் முடிவை ரத்து செய்யக் கேட்டார்கள். மேல் அமைப்பு ஏற்கவில்லை. ஆனால் அந்தச் சொல் விஞ்ஞானிகளும் மற்றவர்களும் தொடர்ந்து பயன்படுத்தக்கூடிய மதிப்புள்ள சொல்லே என்றும் அறிக்கையில் சேர்த்தது.

இப்போது என் கணிப்பு. வாக்களித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் முன் இருந்த தாளில் ஒரு தேதியும் ஓர் ஆணியும் இருந்தன. 1952-க்கு முன் பயிர் செய்த, காடழித்த, நிலக்கரி எரித்த எல்லோரையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளும் ஆணி அது. அதை மறுத்ததில் தவறு காணவில்லை. பணிக்குழுவினர் விதிக்கு உண்மையாக இருந்தார்கள், பதினான்கு ஆண்டு உழைப்பில் கிராஃபோர்ட் சேற்றை உலகுக்குக் காட்டினார்கள், அது வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வேதியியலாளர் சொன்ன வாக்கியத்தை ஆணியாக மாற்றும்போதே அதன் சாரம் நழுவிவிட்டது. பூமியின் காற்றும் நீரும் மண்ணும் பழைய வரம்புக்குள் இப்போது இல்லை, அதற்குக் காரணம் நாம் என்பது க்ருட்சனின் கூற்று. இது எந்த நாளில் தொடங்கியது என்பது அவருக்கு இரண்டாம் கேள்வி. 1784-ஐக்கூட ‘கொள்ளலாம்’ என்றுதான் எழுதினார். காற்றுக்கு நினைவு உண்டு, ஆனால் அது கோடு போட்டு வைத்துக்கொள்ளாது. எல்லாவற்றையும் கலந்து சராசரியாக்கி வைக்கும். அதில் ஆணி அடிக்க இடமில்லை. பாறையின் விதிகளை ஒரு தடவை காற்றுக்கு வளைத்திருக்கலாமா என்றால், கூடாது என்றே நினைக்கிறேன். விதி வளைந்தால் மற்ற ஆணிகளும் ஆடும். காற்றின் சாட்சியத்துக்கு வேறு மன்றம் வேண்டும்.

அந்தச் சாட்சியம் இன்றும் முடியவில்லை. 1970-இல் க்ருட்சன் தொடங்கிய அதே நைட்ரஸ் ஆக்சைடு, தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடியில் 270 பங்காக இருந்தது, இப்போது 335-ஐத் தாண்டியிருக்கிறது. மனிதனால் கூடிய அளவில் பெரும்பகுதி வயலிலிருந்து வருகிறது: பயிர் எடுத்துக்கொண்டது போக மண்ணில் மிஞ்சும் யூரியாவை பாக்டீரியாக்கள் அந்த வாயுவாக மாற்றுகின்றன. உயிரி எரிபொருள் பயிர்களுக்குப் போடும் உரத்திலிருந்து வரும் இந்த வாயுவே, அந்த எரிபொருளால் கிடைக்கும் தட்பவெப்ப ஆதாயத்தைத் தின்றுவிடக்கூடும் என்று 2008-இல் க்ருட்சனும் சகாக்களும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2009-இல் ஏ.ஆர். ரவிசங்கரா குழு, குளோரோ ஃபுளோரோ கார்பன்கள் கட்டுக்குள் வந்துவிட்ட நிலையில், இன்று மனிதன் வெளியிடும் ஓசோன் அழிப்பான்களில் முதலிடம் நைட்ரஸ் ஆக்சைடுக்கே என்று காட்டியது. மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதன் பெயர் இன்னும் இல்லை.